சிறுதேரும் மகிழுந்தும்

குழந்தை ஏறிச் செல்ல முடியாத வண்டியைத் தச்சன் எதற்காகச் செய்தான்? இவ்வினாவுக்குச் சங்கப் பாடல்களிலேயே விடை கிடைக்கின்றது. குறுந்தொகையின் 61ஆம் பாடலில், தச்சன் செய்து கொடுத்த சிறிய குதிரை வண்டியில் ஏறி ஊர இயலாவிடினும் அதனைக் கையால் இழுத்தே சிறுவர் இன்பம் காண்கின்றனர் என்று தோழி கூறுகின்றாள். பாடியவர் தும்பிசேர் கீரனார். தலைவனோடு கூடும் வாய்ப்புக் குன்றிய போதும் அவன் நட்பை நெஞ்சில் வளர்த்து நிறைவு பெறுவதற்கு அவ்வண்டி உவமையாயிற்று. காதலைச் சொல்ல வந்த இடத்தில் ஒரு விளையாட்டு வண்டி உவமையாக நிற்கின்றதெனில், அது கேட்போர் அனைவருக்கும் பழகிய பொருளாய் இருந்திருத்தல் வேண்டும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் இன்னொரு வண்டியைக் காட்டுகின்றார். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாமல் உருட்டிச் செல்லும் மூன்று சக்கரச் சிறுதேர் அது. கோழியை விரட்ட மகளிர் எறிந்த பொற்குழை அதன் வழியை மறிக்கின்றது. பெரும்பாணாற்றுப்படையிலும் அப்புலவரே ஒரு சிறுதேரைப் பாடியுள்ளார். தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் கண்டு விரும்பும்படி அது செய்யப்பட்டது என்று உரை கொள்வர்.

இவ்வுரை எண்ணிப் பார்க்கத் தக்கது. தேர் செய்யும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு உண்மைத் தேரின் உறுப்புகள் தெரியும். குடம் எது, ஆர் எது, சூட்டு எது, அச்சாணி எங்கே நிற்கும் என்பதை அது நாள்தோறும் கண்டு வளர்கின்றது. அப்பிள்ளையை மயக்க வேண்டுமாயின், சிறுதேர் பெருந்தேரின் இலக்கணத்தை ஓரளவேனும் பெற்றிருக்க வேண்டும். அளவு சுருங்கலாம், அமைப்புப் பொய்யாகலாகாது. பிள்ளைத்தமிழ் ஆண்பாலுக்குரிய பத்துப் பருவங்களுள் சிறுதேர்ப் பருவத்தை இறுதியில் வைத்ததும் இத்தொடர்பில் நினைக்கத் தக்கதே. சிறுதேர் உருட்டி முடித்த பிள்ளை அடுத்துப் பெரியவர் உலகில் கால் வைக்கின்றான்.

இருபதாம் நூற்றாண்டில் இச்சிறுதேர் புதிய வடிவம் கொண்டது. தேரின் இடத்தை மகிழுந்து பிடித்தது. மரத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்தது. முழுமை பெற்ற பொம்மையாக வாராமல், பிரித்த உறுப்புகளாக ஒரு பெட்டிக்குள் வந்தது. பொருத்திப் பார்த்து, ஒட்டி, வண்ணம் தீட்டி முடிக்க வேண்டிய பொறுப்பு வாங்கியவனைச் சேர்ந்தது. இச்சிறு பெட்டியின் வரலாறும், கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்மை மகிழுந்துகள் உருவான வரலாறும் ஒன்றையொன்று விளக்கும் தன்மையன. அவற்றை இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் பொருள்.

பெட்டிக்குள் வந்த வண்டி

மேலை நாட்டில் மாதிரி வண்டி செய்தல் வெறும் பொழுதுபோக்காக மட்டும் வளரவில்லை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பிஷர் பாடி பிரிவு, 1930ஆம் ஆண்டில் சிறுவர்க்கென ஒரு கைவினைக் கழகத்தைத் தொடங்கிற்று. நெப்போலியன் காலத்துப் பெருவண்டி ஒன்றின் மாதிரியைத் தம் கையாலேயே செய்து அனுப்ப வேண்டும் என்பது போட்டி. சக்கரமும் கதவும் திரைச்சீலையும் வண்டியின் உண்மை அமைப்பையே பின்பற்ற வேண்டும். பின்னர், சிறுவர் தாமே கற்பனை செய்த மகிழுந்தின் மாதிரியைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்து அனுப்பும் பிரிவும் சேர்ந்தது. பரிசு பல்கலைக்கழகக் கல்விக்கான உதவித்தொகை. 1968 வரை இக்கழகம் நடைபெற்றது. 1947ஆம் ஆண்டில் இப்போட்டியில் முதற்பரிசு பெற்ற சார்லஸ் ஜோர்டன் என்ற இளைஞர் பின்னர் அதே நிறுவனத்தில் சேர்ந்து, 1986இல் அதன் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். சிறுதேர் உருட்டிய பிள்ளை பெருந்தேர் செய்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அந்நிறுவனத்தின் உள்ளேயும் மாதிரியே முதலில் பிறந்தது. 1927இல் அங்கு வடிவமைப்புப் பிரிவைத் தொடங்கிய ஹார்லி எர்ல், புதிய மகிழுந்தின் உருவத்தைக் களிமண்ணில் வடித்துக் காணும் முறையை நிலைபெறச் செய்தார். சிறிய அளவில் களிமண். பின் முழு அளவில் களிமண். அதன் பிறகே இரும்பு. சாலையில் ஓடிய மகிழுந்துகள் பலவற்றுக்கு மாதிரிதான் தாய்.

பிரித்த உறுப்புகளைப் பெட்டியில் வைத்து விற்கும் முறை பெருகியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தினால், நகக்கண் அளவுள்ள உறுப்பும் திருத்தமாக வார்க்கப்பட்டு வெளிவரும். நிக்கலஸ் கோவ் 1939இல் இங்கிலாந்தில் நிறுவிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், 1949ஆம் ஆண்டு பெர்குசன் உழுபொறியின் மாதிரி ஒன்றைச் செய்தது. உழுபொறி விற்கும் முகவர்கள் கையில் வைத்துக் காட்டுவதற்காகவே அது செய்யப்பட்டது. விலைக்கு உதவிய மாதிரி பின்னர் விளையாட்டுப் பொருளாயிற்று. அமெரிக்காவில் 1948இல் தோன்றிய ஏ.எம்.டி. நிறுவனமும் விற்பனையாளர்க்கான மாதிரிகளையே முதலில் செய்தது. 1958இல் அது ஒரே பெட்டியில் மூவகை உறுப்புகளை வைத்து விற்றது. கடையில் வாங்கிய வண்ணமே வண்டியைச் செய்யலாம். தன் விருப்பப்படி மாற்றிச் செய்யலாம். பந்தய வண்டியாகவும் செய்யலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை பெட்டியோடு சேர்ந்து வந்தது.

கீழைநாட்டில் இக்கலையை வளர்த்தது ஜப்பானின் ஷிசுவோகா நகரம். அங்குத் தமியா நிறுவனம் 1946இல் மரவாணிகமாகத் தொடங்கிற்று. மரத்தில் மாதிரிகள் செய்து பழகிய பின், 1960இல் தன் முதற் பிளாஸ்டிக் மாதிரியாகிய யமாத்தோ போர்க்கப்பலை வெளியிட்டது. 1967இல் ஹோண்டா பந்தய மகிழுந்தின் மாதிரியைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் உருவாக்கியது. போர்ஷ் மகிழுந்தின் மாதிரியைச் செய்ய முற்பட்ட போது, உண்மை வண்டி ஒன்றையே விலைக்கு வாங்கி, உறுப்பு உறுப்பாகப் பிரித்து அளந்தது. 1976இல் வெளிவந்த அம்மாதிரி உலகப் புகழ் பெற்றது. சிறியதைச் செம்மையாகச் செய்யப் பெரியதைக் கழற்றிப் பார்க்கும் துணிவு வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அளவும் நுணுக்கமும்

மகிழுந்து மாதிரிகள் பெரும்பாலும் இருபத்து நான்கில் ஒரு பங்கு, அல்லது இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் அமைவன. முன்னதன் கணக்கு ஆங்கில அடிக்கு அரை அங்குலம் என்பதாகும். இக்கணக்குத் தமிழ்ச் சிற்பிக்குப் புதியதன்று. இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு முழம் என்பது சிற்பியரின் வாய்பாடு. ஆகவே உண்மை வண்டியின் ஒவ்வொரு முழமும் மாதிரியில் ஒரு விரலாகின்றது. 4.8 மீட்டர் நீளமுள்ள வண்டி 20 சென்டிமீட்டராகச் சுருங்கி உள்ளங்கையில் வந்து அமர்கின்றது.

நீளம் சுருங்கியது போலவே பிறவும் சுருங்க வேண்டும் என்பதில்தான் இக்கலையின் கடினம் உள்ளது. உண்மை மகிழுந்தின் இரும்புத் தகடு ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் தடிப்புடையது. அதனை இருபத்து நான்கால் வகுத்தால் 0.03 மில்லிமீட்டர் வரும். அவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக்கை வார்க்க இயலாது. மாதிரியின் கூடு ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் இருக்கின்றதென்றால், கணக்குப்படி அது 24 மில்லிமீட்டர் இரும்புச் சுவருக்குச் சமம். எனவே கைதேர்ந்தவர் சக்கர வளைவுகளின் ஓரத்தை உட்புறமிருந்து சுரண்டி மெலிவிக்கின்றனர். முழுவதும் மெலியவில்லை; கண்ணில் படும் விளிம்பு மட்டும் மெலிகின்றது. கண் அதனை ஏற்றுக் கொள்கின்றது.

வண்ணமும் அவ்வாறே. உண்மை வண்டியின் வண்ணப்பூச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்களவே தடிப்புடையது. மாதிரியில் அதனை இருபத்து நான்கால் வகுத்துக் காட்டல் அரிது. தூரிகையால் தடிப்பாகப் பூசினால் கதவின் இடுக்குக் கோடுகள் மூடிப் போகும். ஆதலால் காற்றழுத்தத்தால் வண்ணத்தைப் புகைபோலத் தெளித்து, மெல்லிய படலங்களாக அடுக்குவர். அதற்கு முன் செய்ய வேண்டிய பணிகள் பல. உறுப்புகள் கிளைபோன்ற சட்டத்தில் ஒட்டிக் கொண்டு வரும். அவற்றைக் குறட்டால் நறுக்கி, ஒட்டிய வடுவைத் தேய்த்து நீக்க வேண்டும். அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் எழும் மெல்லிய வரையை நீரில் நனைத்த உப்புத்தாளால் அழிக்க வேண்டும். இதற்குரிய ஒட்டுநீர் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சற்றே கரைத்து, இரண்டு உறுப்புகளை ஒன்றாக இறுகச் செய்கின்றது. மிகுந்தால் உறுப்பே உருகும். அடிப்பூச்சு இட்டபின்தான் இதுவரை கண்ணுக்குத் தப்பிய கீறல்கள் வெளிப்படும். மீண்டும் தேய்க்க வேண்டும். பொறுமையற்றவனை இக்கலை அடிப்பூச்சிலேயே காட்டிக் கொடுத்து விடுகின்றது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்பணிக்கு இன்னொரு தடையும் உண்டு. பிற்பகல் மழைக்கு முன் காற்று ஈரத்தால் கனக்கின்றது. விரைந்து உலரும் லாக்கர் வண்ணத்தை அவ்வேளையில் தெளித்தால், கரைப்பான் ஆவியாகும் போது பூச்சின் பரப்புக் குளிர்கின்றது; காற்றிலுள்ள ஈரம் அதன்மேற் படிகின்றது; பளபளக்க வேண்டிய கறுப்பு வண்ணம் பால் கலந்தது போல் வெளுத்து விடுகின்றது. இங்கு வண்ணம் தெளிப்பவர் வானத்தைப் பார்த்தே தூரிகையை எடுக்க வேண்டியவராகின்றார். குளிர்நாட்டில் எழுதப்பட்ட செய்முறைத் தாள் இதனை உரைப்பதில்லை.

பெட்டியில் உள்ளதைப் பொருத்தி முடிப்பது ஒரு நிலை; நுணுக்கம் சேர்ப்பது அதன் மேல் நிலை. உண்மை எந்திரத்தில் தீப்பொறிச் செருகிக்குச் செல்லும் மின்கம்பி ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் தடிப்புடையது. மாதிரியில் அது 0.33 மில்லிமீட்டர். பெட்டியில் அக்கம்பி இராது. பழைய மின்கருவியிலிருந்து எடுத்த மெல்லிய செப்புக் கம்பியை அளந்து வெட்டி, எரியும் வரிசை பிறழாமல் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். இங்கே செய்பவன் எந்திரத்தின் இயக்கத்தைக் கற்றாலன்றி ஓரடியும் எடுத்து வைக்க முடியாது.

நுணுக்கம் வரலாற்றறிவையும் வேண்டுகின்றது. 1967ஆம் ஆண்டுக் கோலாலம்பூர் மகிழுந்து ஒன்றை ஒருவர் செய்ய எண்ணினால், அதன் எண்பலகையில் எந்த எழுத்தை எழுதுவது? பின்னாளில் கோலாலம்பூருக்கு உரியதானது ‘டபிள்யூ’. ஆனால் கூட்டரசு நிலப்பகுதி அமைந்தது 1974ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள். அதற்கு முன் அந்நகரம் சிலாங்கூரின் பகுதி. அதன் வண்டிகள் தாங்கியது சிலாங்கூருக்குரிய ‘பி’ எழுத்து. அமெரிக்கப் பெட்டியில் ஓட்டுநர் இருக்கை இடப்புறம் அமைந்திருக்கும். மலேசிய வண்டிக்கு அதனை வலப்புறமாக மாற்றிச் செய்தாக வேண்டும். தோட்டத்துச் சாலையில் ஓடிய வண்டியெனின், சக்கர வளைவின் உட்புறத்தில் செம்மண் படிந்திருக்க வேண்டும். அரை விரல் அகலமுள்ள எண்பலகை ஒரு நாட்டின் எல்லை வரலாற்றைக் கேட்கின்றது. இது வரலாற்றாசிரியர் கருதற்பாலது.

பள்ளத்தாக்கின் முதல் உறுப்பு

மாதிரிப் பெட்டியைத் திறந்தால், கடினமான பிளாஸ்டிக் உறுப்புகளிடையே மென்மையான கறுப்பு வளையங்கள் நான்கு தனியாகக் கிடக்கும். அவை டயர்கள். உலக மகிழுந்துக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு அளித்த முதல் உறுப்பும் டயருக்குரிய ரப்பரே.

ஜோன் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தது 1888இல். அதற்கு முன்னரே, 1877ஆம் ஆண்டு, இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்திருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பித் தோட்டங்கள் ரப்பர்த் தோட்டங்களாக மாறின. ஹென்றி போர்டின் ‘டி’ வகை மகிழுந்து 1908இல் வெளிவந்தது. 1910இல் ரப்பர் விலை வானளாவ உயர்ந்தது. கிள்ளான் வட்டாரத்துப் பால்மரங்களை விடியற்காலையில் சீவியோர் பெரும்பாலும் தமிழர். அவர்கள் வடித்த பால் உறைந்து, தாளாகி, புகையுண்டு, கப்பலேறி, எங்கோ ஓடிய வண்டிகளின் சக்கரமாயிற்று. வண்டியை அவர்கள் ஊரவில்லை. கையால் இழுத்து இன்புறவும் இல்லை. குறுந்தொகைச் சிறுவர்க்குக் கிட்டிய இன்பமும் அவர்க்குக் கிட்டவில்லை என்பதே வரலாற்றின் கசப்பு.

அச்சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றது இருப்புப்பாதை. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை 1886இல் முதற் பாதை திறக்கப்பட்டது. 1890இல் ஆற்றைக் கடந்து கிள்ளான் நகரை அடைந்தது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் அதன் பெயர் கிள்ளான் துறைமுகம் என மாறிற்று. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இருப்புப்பாதை ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது. இந்தியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த தமிழர் அங்கு எழுத்தராகவும் நிலைய அலுவலராகவும் தொழிலாளராகவும் வாழ்ந்தனர். செந்தூலில் அமைந்த பெரும்பட்டறையில் நீராவி எந்திரங்கள் பிரிக்கப்பட்டுப் பழுது நீக்கப்பட்டன, பெட்டிகள் கட்டப்பட்டன. 1945இல் நேச நாட்டு விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. ஓர் எந்திரத்தைக் கழற்றி மீண்டும் பூட்டும் அறிவு இப்பள்ளத்தாக்கில் தமிழர் கைகளில் முதலில் படிந்தது இருப்புப்பாதைப் பட்டறையில்தான் எனலாம்.

முழு அளவில் வந்த பெட்டி

மகிழுந்துகளைப் பிரித்த உறுப்புகளாகக் கப்பலில் ஏற்றி அனுப்பி, விற்கும் நாட்டிலேயே பொருத்தும் முறை பழமையானது. போர்டு நிறுவனம் சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் கட்டிய பொருத்துசாலை 1941ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. சில மாதங்களுக்குள், 1942 பிப்ரவரி 15ஆம் நாள், அதே கட்டடத்தில் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது.

விடுதலைக்குப் பின் மலேசிய அரசு, மகிழுந்துகளை முழுமையாக இறக்குமதி செய்வதைக் குறைத்து உள்நாட்டில் பொருத்துவதை ஊக்குவித்தது. ஷா ஆலாமில் 1967ஆம் ஆண்டு வால்வோ மகிழுந்துகளைப் பொருத்தும் ஆலை தொழிற்படத் தொடங்கிற்று. ஷா ஆலாம் எழுந்த இடம் முன்னர் சுங்கை ரெங்கம் தோட்டம். டயருக்குப் பால் தந்த நிலம், வண்டியையே பொருத்தும் நிலமாயிற்று. அடுத்த ஆண்டுகளில் பள்ளத்தாக்கில் வேறு ஆலைகளும் எழுந்தன. 1976இல் செகாம்புட்டில் டான் சோங் நிறுவனத்தின் ஆலை டாட்சன் வண்டிகளைப் பொருத்தலாயிற்று.

இவ்வாலைகளுக்குத் துறைமுகத்திலிருந்து வந்த மரப்பெட்டிகளும், சிறுவர் வாங்கிய மாதிரிப் பெட்டியும் தம்முள் ஒப்பன. இரண்டிலும் வேற்று நாட்டார் வார்த்த உறுப்புகள். இரண்டிலும் எண்ணிட்ட செய்முறைத் தாள். இரண்டிலும் கூட்டை இணைத்து, தேய்த்து, வண்ணம் பூசி, சக்கரம் மாட்டும் வரிசை. வேறுபாடு அளவில்தான். செய்பவன் கற்றுக் கொள்வதும் இரண்டிலும் ஒன்றே: எது எதனோடு பொருந்தும் என்பது. ஏன் அவ்வாறு பொருந்த வேண்டும் என்பதைப் பெட்டி கற்பிப்பதில்லை. அதனை அறிந்தவன் அப்பெட்டியை நிரப்பி அனுப்பியவன்.

கைதேர்ந்த மாதிரிக் கலைஞன் இக்குறையை ஒரு வழியில் தீர்க்கின்றான். பெட்டியில் வந்த உறுப்புகளுள் சிலவற்றைப் புறத்தே வைத்துவிட்டு, அவ்விடத்தில் தானே செய்த உறுப்பைப் பொருத்துகின்றான். முதலில் மின்கம்பி, பிறகு இருக்கை, பிறகு கதவு. நாளடைவில் பெட்டியே தேவைப்படாத நிலை வருகின்றது. மலேசிய அரசு மேற்கொண்டதும் இவ்வழியே. 1980இல் தொடங்கிய திட்டத்தின்படி, வெளிநாட்டுப் பெட்டியிலிருந்து குறிப்பிட்ட உறுப்புகள் கட்டாயமாக நீக்கப்பட்டன. டயர், மின்கலம், வண்ணம், கண்ணாடி போன்றவற்றை உள்நாட்டில் செய்து சேர்க்க வேண்டியதாயிற்று. நீக்கப்பட்ட உறுப்பின் வெற்றிடமே கற்பதற்குரிய இடம் என்பது இத்திட்டத்தின் உட்கருத்து.

அடுத்த படி புரோட்டோன். 1983ஆம் ஆண்டு மே மாதம் நிறுவப்பட்ட இத்தேசிய மகிழுந்து நிறுவனம், ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தோடு சேர்ந்து ஷா ஆலாமில் ஆலை அமைத்தது. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் புரோட்டோன் சாகா வெளியிடப்பட்டது. அது மிட்சுபிஷியின் லான்சர் பியோரே மகிழுந்தை அடிப்படையாகக் கொண்டது. அதன் முதல் வண்டி கோலாலம்பூர்த் தேசிய அரும்பொருளகத்துக்கு வழங்கப்பட்டது. சொந்த வடிவமைப்பில் பிறந்த வாஜா 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. சொந்த எந்திரமாகிய கேம்புரோ 2004இல் வெளிவந்தது. மற்றவர் பெட்டியில் தொடங்கியவர் தம் உறுப்பைத் தாமே வார்க்க இரு பத்தாண்டுகள் பிடித்தன.

அதன் பின் வந்த வரலாறு நேர்கோடாக அமையவில்லை. 2017இல் சீனத்து ஜீலி நிறுவனம் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2018இல் வந்த எக்ஸ்70, ஜீலியின் வண்டி ஒன்றையே அடிப்படையாகக் கொண்டது. இதனைத் தோல்வி என்று ஒரு சாராரும், புதிதாகக் கற்கும் வாய்ப்பு என்று மற்றொரு சாராரும் கூறுவர். இரு கூற்றுக்கும் இடமுண்டு. அடுத்தவர் பெட்டியை மீண்டும் திறப்பதில் இழுக்கில்லை. திறந்தபின் எந்த உறுப்பைத் தானே செய்யப் போகின்றான் என்பதைக் கொண்டே தொழிலாளனை மதிப்பிடல் வேண்டும்.

மஞ்சாடியின் அளவு

சாகா என்னும் பெயரை அளித்தவர் ஓய்வு பெற்ற படைவீரர் இஸ்மாயில் ஜாபார். பெயர் சூட்டும் போட்டியில் அது தேர்வு பெற்றது. சாகா என்பது சிவந்த விதை தரும் மரம். தமிழர் அம்மரத்தை மஞ்சாடி என்றும் ஆனைக்குன்றிமணி என்றும் அறிவர். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கு அளித்த பொன்னணிகளின் எடை இவ்வளவைகளாலேயே குறிக்கப்பட்டுள்ளது. பொன்னை நிறுத்த விதையின் பெயரை மலேசியாவின் முதல் மகிழுந்து தாங்கி நிற்கின்றது. பெயரிட்டவர் இத்தொடர்பை எண்ணியிராமல் இருக்கலாம். ஆயினும் அளவே தொழிலின் உயிர் என்ற உண்மையை அப்பெயர் தமிழ் மாணவனுக்கு நினைவூட்டுகின்றது.

அளவுணர்வு எப்பருவத்தில் படிகின்றது? பிஷர் கழகத்தின் வரலாறும், தச்சர் வீட்டுப் பிள்ளையைப் பாடிய பாட்டும் ஒரே விடையைத் தருகின்றன. அது சிறு பருவத்தில், சிறு பொருளில், கை வழியாகப் படிகின்றது. இவ்வுண்மையைக் கல்வித்துறை அறியாமலில்லை. மலேசியத் தொடக்கப் பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் இடம்பெற்றுள்ளது. மாணவர் தாமே சிறு பந்தய மகிழுந்தை வடிவமைத்து, அழுத்திய வாயுவின் உந்துதலால் 20 மீட்டர்ப் பாதையில் ஓடவிடும் பன்னாட்டுப் பள்ளிப் போட்டியின் உலக இறுதிச் சுற்று 2011இல் கோலாலம்பூரில் நடைபெற்றது. அப்போட்டியில் பெட்டி இல்லை. செய்முறைத் தாளும் இல்லை. வரைவதும் செதுக்குவதும் மாணவர் கடன்.

தமிழ்ப் பள்ளி ஆசிரியருக்கு இங்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. சிறுதேரைப் பாட்டில் கற்பிப்பவரும் அவரே. கைவினை வகுப்பில் அட்டையும் கத்தரியும் கொடுப்பவரும் பல பள்ளிகளில் அவரே. இவ்விரண்டு வகுப்புகளுக்கும் இடையே இன்று ஒரு சுவர் நிற்கின்றது. இலக்கிய வகுப்பில் சிறுதேர் ஓர் உவமையாக மட்டும் முடிகின்றது. கைவினை வகுப்பில் வண்டி ஒரு மதிப்பெண்ணாக மட்டும் முடிகின்றது. பட்டினப்பாலையின் மூன்று சக்கரத் தேரை அட்டையிலோ மரத்திலோ மாணவர் செய்து பார்த்தால் என்ன நிகழும்? மூன்றாம் சக்கரம் முன்னே வருமா பின்னே வருமா என்ற வினா உடனே எழும். குழை மறித்த தேர் ஏன் நின்றது என்பதைச் சக்கரத்தின் விட்டத்தைக் கொண்டு அவர்கள் ஆராய்வர். உரையாசிரியர் சொல்லாத ஒன்றை ஒரு மாணவன் கண்டு சொல்லவும் கூடும்.

பால்மரம் சீவிய தலைமுறை மகிழுந்துக்குச் சக்கரம் தந்தது. பட்டறையிலும் ஆலையிலும் உழைத்த தலைமுறை பிறர் அனுப்பிய உறுப்புகளைப் பழுதறப் பொருத்தியது. இரண்டும் பெருமைக்குரிய உழைப்பே. மூன்றாவது தலைமுறை எதனைச் செய்யும் என்பது இன்னும் எழுதப்படாத ஏடு. உறுப்பைத் தானே அளந்து, தானே வார்க்கும் கை அதற்கு வேண்டும். அக்கை வளர விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு பெட்டி, ஓர் உப்புத்தாள், மழை வருவதற்கு முன் கிடைக்கும் காலைப் பொழுது, தவறினால் மீண்டும் தேய்த்துத் தொடங்கும் பொறுமை ஆகியன போதும்.

குறுந்தொகைத் தச்சன் ஏற முடியாத வண்டியைச் செய்தது குழந்தையை ஏமாற்றுவதற்காக அன்று. இழுத்துப் பார்த்த பிள்ளை சக்கரம் ஏன் சுழல்கின்றது என்று குனிந்து நோக்கும். அங்ஙனம் குனிந்து நோக்கிய பிள்ளைகளுள் ஒருவன் அடுத்த தச்சனாகின்றான்.